விதைக்கும் செடிக்கும் நடுவுல ஒரு பேரம்

இன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. மகளோட பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வரணும்.

அவ்வளவுதான். ஆடு வாங்கப் போகலை. ஆடு விக்கப் போகலை. வெறும் கையெழுத்து.

எப்பவும் என் வீட்டுக்காரி செல்விதான் போவா. இன்னைக்கு அவளுக்குத் தறியில லீவு கிடைக்கல. வண்டியை எடுக்கும்போது வாசல்ல நின்னு விரலை நீட்டிச் சொன்னா.

"உள்ள போங்க. ஃபைலைக் குடுப்பாக. கையெழுத்துப் போடுங்க. வந்திருங்க. பேரம் பேசிராதீக."

"பள்ளிக்கூடத்துல என்னத்தடி பேரம் பேச இருக்கு?"

"கோயில்ல பூசாரி விபூதி குடுத்தப்ப, 'என்ன சாமி, அவருக்கு அள்ளிப் போட்டீக, எனக்குக் கிள்ளிப் போடுறீக'ன்னு கேட்ட ஆளு நீங்க."

கேட்டேன்தான். அவரும் இன்னும் கொஞ்சம் போட்டார்ல? கேட்டாத்தான் கிடைக்கும்!

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நான் ஆட்டுத் தரகு பாக்குறவன். பரளச்சிப் பக்கம் கரிசக்காட்டுல மேயுற ஆட்டை வாங்கி, சந்தை சந்தையாக் கொண்டுபோய்க் கைமாத்தி விடுறது தொழில். பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சேன். மிச்சப் படிப்பை எல்லாம் சந்தையில ஏமாந்து ஏமாந்து படிச்சேன். கோபம் மட்டும் கொஞ்சம் சாஸ்தி. மத்தவங்களுக்கு மூக்கு நுனியில இருக்கும்னு சொல்லுவாக. எனக்கு மூக்குக்கு முன்னாடி ஒரு எட்டு நடந்து போகும்.

மக பேரு தர்ஷிகா. வீட்டுல பாப்பா. அருப்புக்கோட்டை போற ரோட்டுல ஒரு சின்ன நர்சரிப் பள்ளிக்கூடத்துல ப்ரீகேஜி படிக்கிறா. ரெண்டு ரூம்பு தள்ளி எல்கேஜி. அந்த எல்கேஜி ரூம்புல ஒரு மீன் தொட்டி இருக்கு. கொஞ்ச நாளா பாப்பா கண்ணு முழிச்சதும் கேக்குற கேள்வி ஒன்னுதான்.

"அப்பா, மீனு ரூம்புக்கு நான் எப்பப்பா போவேன்?"

"பள்ளிக்கூடம் லீவு விட்டு மறுபடி தொறந்ததும் போயிருவ தாயி."

வாக்குக் குடுத்துட்டேன். தரகன் வாக்கு. அதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

போனேன். வாசல்லயே செருப்பைக் கழட்டச் சொன்னாங்க. கழட்டினேன். உள்ள ஜெயந்தி டீச்சர் இருந்தாங்க. சின்ன வயசு. பாலவனத்தத்துல இருந்து பஸ்ஸுல வந்து போறவுக. பேசினா குரல் பக்கத்து ரூம்புக்குக் கேக்காது. 'இவுகளைப் பேசிச் சமாளிக்கிறது ரொம்ப லேசு'ன்னு அப்பவே மனசுக்குள்ள கணக்குப் போட்டேன் பாருங்க, அங்க பிடிச்சது சனி.

"உக்காருங்க சார்."

எங்க உக்கார? ரூம்பு முழுக்கப் பிள்ளைக உக்காருற பிளாஸ்டிக் நாற்காலி. செவப்பு, பச்சை, மஞ்சள்னு கைப்பிடி வச்சுப் பூசணிக்காய் உசரத்துக்கு இருக்கு. எனக்கு அதுல ஒரு தொடைதான் கொள்ளும்.

"நிக்கிறேன் டீச்சர்."

"கொஞ்ச நேரம் ஆகும் சார். உக்காந்துருங்க."

மூச்சை இழுத்துப் பிடிச்சு ஒரு பச்சை நாற்காலியில எறங்குனேன். உக்காந்தேன்னு சொல்ல முடியாது. செருகினேன். முட்டி ரெண்டும் காதுக்குப் பக்கத்துல வந்துருச்சு.

ஃபைலைக் குடுத்தாங்க. பக்கத்துக்குப் பக்கம் பாப்பா போட்டோ. கீழ டீச்சர் கையெழுத்துல ரெண்டு மூனு வரி.

'மணலில் விளையாடினார். வாளியை நிரப்பினார். கொட்டினார். மீண்டும் நிரப்பினார்.'

"ஏன் டீச்சர், இதையெல்லாமா எழுதுவீக?"

"ஆமா சார். பிள்ளை என்ன செய்யுதுன்னு பார்த்து எழுதினாத்தானே அடுத்து என்ன சொல்லிக் குடுக்கலாம்னு திட்டம் போட முடியும்? நாங்களா நினைச்சு எதையும் எழுதக் கூடாது. கண்ணால பார்த்ததை மட்டும்தான் எழுதணும்."

"அடம் பிடிச்சு அழுததையுமா?"

"அழுதா, அழுதார்னு எழுதுவோம்."

சரிதான். போலீஸ் ஸ்டேஷன்ல கூட இவ்வளவு நேர்மையா எழுத மாட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டே புரட்டினேன். ஒரு பக்கத்துல என் கையெழுத்து மாதிரியே ஒரு கோழிக் கிறுக்கல் இருந்துச்சு. என் கையெழுத்தேதான். 'வீட்டில் குழந்தை என்னென்ன செய்கிறார்? பெற்றோர் விரிவாக எழுதவும்'னு ஒரு தாளு முன்னாடி குடுத்து விட்டிருந்தாங்க. நான் எழுதியிருந்தேன்: 'சாப்பிடும். தூங்கும்.'

விரிவாத்தான் எழுதியிருக்கேன்.

அடுத்த பக்கம் திருப்பினேன். 'எண்கள்'னு தலைப்பு. அதுக்குக் கீழ மூனு படம். ஒரு விதை, ஒரு முளை, ஒரு செடி. பிள்ளைக்கு ஒன்னும் வரலைன்னா விதை. கொஞ்சம் வந்தா முளை. நல்லா வந்தா செடி. டீச்சர் விளக்கம் சொன்னாங்க.

என் மகளுக்கு விதையைச் சுத்தி வட்டம் போட்டிருந்துச்சு!

கீழ எழுதியிருந்ததைப் படிச்சேன். 'படத்தில் உள்ள ஆடுகளை எண்ணச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டார். பலமுறை கேட்டும் சொல்லவில்லை. கைக்குட்டையால் என் கையை மூடினார். விரலை இழுத்தார்.'

"என்ன டீச்சர் இது? என் மகளுக்கு எண்ணத் தெரியாதா? ஆட்டுத் தரகன் மகளுக்கா?"

"தெரியாதுன்னு எழுதலையே சார். சொல்லலைன்னுதான் எழுதியிருக்கேன்."

"விதைன்னு போட்டிருக்கீகளே!"

"இப்படியே இருந்தா இன்னொரு வருஷம் இதே வகுப்புல இருக்கட்டும்னு மேடம் நினைக்கிறாங்க சார். அதுக்குத்தான் உங்க கையெழுத்து."

எனக்கு மீன் தொட்டி கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அதுக்குப் பின்னாடி பாப்பா மூஞ்சி.

செல்வி சொன்னது ஞாபகம் வந்துச்சு. பேரம் பேசிராதீக. நெசமாவே வந்துச்சு. வந்து, அப்படியே போயிருச்சு.

"சரி டீச்சர். முறுக்கிக்கிட்டு நிக்க வேணாம். செடின்னு போட்டு முடிச்சு விடுங்க."

"சார், இது..."

"செடி வேணாம். உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். முளை."

"சார், இது விலை இல்ல சார்."

"விதைக்கும் முளைக்கும் நடுவுல ஏதாச்சும் இருக்கா? லேசா வெடிச்ச விதை?"

டீச்சர் என்னையே பார்த்தாங்க. கோபப்படவே இல்ல. அதுதான் எனக்குக் கோபம். எதிராளி கோபப்பட்டாத்தான் பேரம் சூடு பிடிக்கும். அமைதியா இருக்குற ஆளுகிட்ட எங்க போய்ப் பேசுறது?

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். சந்தையில விலை படியலைன்னா, தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டுத் திரும்பிப் பாக்காம நடக்கணும். கொஞ்ச தூரம் போறதுக்குள்ள, "அண்ணே, வாங்கண்ணே, பேசிக்கலாம்"னு பின்னாலயே வருவான். இது வரைக்கும் வராதவன் கிடையாது.

"அப்ப நீங்க உங்க விதையை வச்சுக்கங்க. நான் என் கையெழுத்தை வச்சுக்கிறேன். வாரேன்!"

நாற்காலியைப் பிடுங்கி எறிஞ்சுட்டு எந்திரிச்சேன். நடந்தேன். வாசல் வந்துச்சு. யாரும் கூப்பிடல.

செருப்பை மாட்டினேன். மெதுவா மாட்டினேன். கழட்டித் தட்டி மறுபடி மாட்டினேன். ஒருத்தரும் கூப்பிடல.

எட்டிப் பார்த்தா டீச்சர் வேற ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைச்சு விட்டுக்கிட்டு இருக்காங்க!

செருப்பைக் கழட்டிட்டு நானே உள்ள வந்தேன். என் தொழில் வாழ்க்கையில முதல் தடவை.

"வாங்க சார்," அவ்வளவுதான் சொன்னாங்க. "நீங்களே பாருங்களேன், பாப்பாவைக் கேக்குறேன்."

மறுபடி பச்சை நாற்காலியில செருகிக்கிட்டேன். பாப்பா வந்தா. என்னைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. டீச்சர் ஒரு அட்டையை எடுத்தாங்க. நாலு ஆடு வரைஞ்சிருந்துச்சு. நல்ல ஆடுக. ஒன்னுக்கு மட்டும் காது கொஞ்சம் கழுதைக் காது.

"இதுல எத்தனை ஆடு இருக்கு பாப்பா?"

பாப்பா என்னைப் பார்த்தா. வாயை இறுக்க மூடிக்கிட்டா. மெதுவா வந்து என் தோள்ல கிடந்த துண்டை உருவினா. டீச்சர் கை மேல போட்டு மூடினா. தன் கையையும் உள்ள விட்டா.

அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னு விளங்குச்சு.

இது எங்க சந்தை வழக்கம். விலையை வாயால சொல்ல மாட்டோம். சுத்தி நிக்கிறவன் காதுல விழுந்தா வியாபாரம் கெட்டுப் போகும்ல? அதனால ரெண்டு பேரும் துண்டுக்குள்ள கையை விட்டு, விரலைப் பிடிச்சுத்தான் பேசுவோம். ஒரு விரலைப் பிடிச்சா ஒன்னு, ரெண்டைப் பிடிச்சா ரெண்டு. முகத்துல எதையும் காட்டக் கூடாது. ஞாயித்துக்கெழமை பாப்பாவையும் சந்தைக்குத் தூக்கிட்டுப் போவேன். முத நாளே சொல்லிக் குடுத்தது இதுதான்: "தாயி, விக்கிற பொருளுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு எண்ணைச் சத்தமாச் சொல்லக் கூடாது. துண்டுக்குள்ளதான் சொல்லணும்."

பிள்ளை அதைப் பிடிச்சுக்கிட்டா!

"டீச்சர்! இவ எண்ணிட்டா! உங்க விரலைப் பிடிச்சாள்ல? அதான் விடை!"

"இழுத்தா சார். அதைத்தான் விரலை இழுத்தார்னு எழுதியிருக்கேன்."

"எத்தனை விரல்?"

"கவனிக்கல சார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லையே. தெரியாததைப் பார்த்தேன்னு எப்படி எழுத? வேணும்னா நீங்க செஞ்சு காட்டுங்க, போட்டோ எடுத்துக்கிறேன். போட்டோ ஒட்டினா ஆதாரம் ஆச்சு."

நானும் பாப்பாவும் துண்டுக்குள்ள கையை விட்டோம். பாப்பா டக்குன்னு நாலு விரலைப் பிடிச்சா. என்னா பிடி! எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. டீச்சர் போட்டோ எடுத்துக் காட்டினாங்க.

போட்டோவுல ஒரு துண்டு இருக்கு. துண்டுக்கு இந்தப் பக்கம் நான் சுவத்தைப் பாக்குறேன். அந்தப் பக்கம் பாப்பா கூரையைப் பாக்குறா. முகத்துல ஒன்னும் காட்டக் கூடாதுல்ல, ரெண்டு பேரும் தொழில் சுத்தம்.

"இதுல கற்றல் எங்க சார் தெரியுது?"

"துண்டுக்குள்ள."

"துண்டை எடுத்துட்டுச் செய்யலாமா?"

"துண்டை எடுத்துட்டா? டீச்சர், நாலு பேரு பாக்குற இடத்துல..." சொல்லும்போதே எனக்கே கேவலமாத்தான் இருந்துச்சு. ஆனாலும் மனசு வரலை. பாப்பாவும் துண்டை விடல. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா.

"அப்ப நீங்க சொல்றதை நான் எழுத முடியாது சார். நீங்க அவ அப்பா. வெளி ஆளு யாராச்சும் இருந்து, துண்டுக்குள்ள என்ன சொன்னான்னு சொன்னா எழுதலாம்."

வெளி ஆளா? போனை எடுத்தேன். சோலையப்பனைக் கூப்பிட்டேன். எனக்குத் தொழில்ல போட்டி. உறவுல மச்சான். ரெண்டுலயும் ஆகாதவன். ஆனா துண்டுப் பேச்சுல மாவட்டத்துலயே அவனை அடிச்சுக்க ஆளில்ல. பக்கத்து டீக்கடையிலதான் இருந்தான்.

"ஏலே சோலை, ஒரு சாட்சி சொல்லணும், பள்ளிக்கூடத்துக்கு வா."

"யாரை அடிச்ச?"

"அடிக்கலலே! வா!"

வந்தான். வந்தவன் என்னையும் என் நாற்காலியையும் பார்த்துட்டு, "என்ன மாப்ள, மறுபடி முதல்ல இருந்து படிக்கிறியா? எட்டாவது பத்தலையா?"ன்னான். பொறுத்துக்கிட்டேன். அவனும் ஒரு மஞ்சள் நாற்காலியில எறங்கினான். அவன் ஒல்லி. உள்ள அடங்கிட்டான்.

"ஆரம்பிக்கலாமா டீச்சர்?"

"இருங்க சார். திட்டம் எழுதணும்."

"எதுக்குத் திட்டம்?"

"திட்டம் இல்லாம செயல்பாடு செய்யக் கூடாது சார்."

எழுதினாங்க. 'செயல்பாடு: சந்தை விளையாட்டு. நோக்கம்: எண்ணிக்கையை உணர்தல். தேவையான பொருட்கள்: ஆட்டுப் படம், துண்டு.' கொஞ்சம் யோசிச்சு, 'வியாபாரி'ன்னும் பொருட்கள்லயே சேத்துக்கிட்டாங்க. சோலையப்பன் எட்டிப் பார்த்து, "என்னைப் பொருள்ல சேத்துட்டாக மாப்ள"ன்னு சந்தோஷப்பட்டான்.

இதுக்குள்ள மத்த பிள்ளைக எல்லாம் வந்து சுத்தி நின்னுருச்சுக. ஒரு பய, "நானும் வெளையாடுறேன்"னு தன் கைக்குட்டையை எடுத்துப் பக்கத்துல இருந்த புள்ள கையில போட்டான். அவ்வளவுதான். ஒட்டுவாரொட்டி மாதிரி ஒட்டிக்கிச்சு. எல்லாப் பிள்ளையும் ஜோடி ஜோடியா உக்காந்து கைக்குட்டைக்குள்ள கையை விட்டுக்கிட்டு, ஒன்னு சுவத்தைப் பாக்குது, ஒன்னு கூரையைப் பாக்குது. ஊசி விழுந்தாக் கேக்கும். டீச்சர் பேனாவும் கையுமா நிக்கிறாங்க.

"எல்லாம் துணிக்குள்ள நடக்குது. இதுல நான் என்னத்தைப் பார்த்து எழுத?" மெதுவா அவங்களுக்கு அவங்களே சொல்லிக்கிட்டாங்க.

பாப்பாவும் சோலையப்பனும் துண்டைப் போட்டாங்க. டீச்சர் ஒரு புது அட்டையைப் பாப்பாவுக்கு மட்டும் காட்டினாங்க. சோலையப்பன் மூஞ்சி கல்லு மாதிரி இருந்துச்சு. துண்டு அசைஞ்சுச்சு. நின்னுச்சு. பாப்பா கையை எடுத்துட்டா.

"சொல்லுங்கண்ணே, எத்தனை சொன்னா?" டீச்சர் பேனாவைத் தொறந்துட்டாங்க.

சோலையப்பன் தொண்டையைச் செருமினான்.

"சொல்லக் கூடாது டீச்சர்."

"என்னது?"

"துண்டுக்குள்ள பேசினதை வெளிய சொல்லக் கூடாது. எங்க தொழில் தர்மம்."

எனக்கு ரத்தம் மண்டைக்கு ஏறுச்சு. "ஏலே! வெளிய சொல்லத்தான்டா உன்னைக் கூப்பிட்டேன்!"

"அது உன் தப்பு. துண்டுன்னா துண்டு. பச்சைப் பிள்ளை, என்னை நம்பி ஒரு எண்ணைக் குடுத்துருக்கு. அதை விட்டுக் குடுக்கச் சொல்றியா?"

"அது படத்து ஆடுடா! யாருடா வாங்கப் போறா?"

"நான் சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்தப் பரளச்சிக் கிடாயை என்ன விலைக்கு முடிச்சன்னு நீ இந்தச் சபையில சொல்லு. நீ சொன்னா நானும் சொல்றேன்."

சொல்லுவேனா? செத்தாலும் சொல்ல மாட்டேன். அந்தக் கிடாயோட விலை செல்விக்கே தெரியாது.

"சொல்ல மாட்டேல்ல? அப்ப நானும் சொல்ல மாட்டேன்."

"லே சோலை..!"

வீராவேசமா எந்திரிச்சேன். நான் எந்திரிச்சேன். நாற்காலியும் எந்திரிச்சுச்சு.

ரெண்டு கைப்பிடிக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். பின்னாடி பச்சை நாற்காலி நாலு காலையும் நீட்டிக்கிட்டு நிக்குது. நான் திரும்பினா அதுவும் திரும்புது. ஒரு சுத்துச் சுத்துனதுல, அலமாரியில இருந்த பிளாஸ்டிக் மாட்டுப் பண்ணை பூராவும் கீழ கொட்டிருச்சு. அதுவரைக்கும் வியாபாரத்துல இருந்த பிள்ளைக அத்தனையும் கைக்குட்டையை வீசிட்டு, "ஏய், ஆமை மாமா! ஆமை மாமா!"ன்னு கத்துதுக. சோலையப்பன் சிரிக்கல. தரையில உக்காந்து அழுதான். சிரிப்பு சாஸ்தியானா அவனுக்கு அழுகதான் வரும்.

"என்ன இங்க சத்தம்?"

வாசல்ல பெரிய மேடம். பள்ளிக்கூடமே அவுகளோடதுதான். என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தாங்க. அப்புறம் சாவகாசமா நாற்காலியைப் பார்த்தாங்க.

"ஜெயந்தி, இது என்ன செயல்பாடு?"

"சந்தை விளையாட்டு மேடம். திட்டம் எழுதியிருக்கேன்."

"இவரு?"

"தர்ஷிகாவோட அப்பா மேடம்."

"அதுல எந்தப் பக்கம் அப்பா?"

டீச்சர் எல்லாத்தையும் மேடத்துக்கு ஒன்னு விடாம ஒப்பிச்சாங்க. மேடம் கேட்டுட்டு, "முதல்ல எல்லாரும் எல்கேஜி ரூம்புக்கு வாங்க. அங்க பெரிய பெஞ்சு இருக்கு. இவரை உக்கார வச்சு இழுத்துப் பாப்போம்"னாங்க.

போனோம். முன்னாடி மேடம். பின்னாடி நான். எனக்குப் பின்னாடி நாற்காலி. அதுக்குப் பின்னாடி நாற்காலிக் காலையும், அதைப் பிடிச்சவன் சட்டையையும் பிடிச்சுக்கிட்டு ரயிலு ஓட்டிட்டு வருதுக ப்ரீகேஜி பூராவும்.

எல்கேஜி ரூம்புல சோலையப்பன் நாற்காலியைப் பிடிச்சு இழுக்குறான். நான் பெஞ்சைக் கட்டிப் பிடிச்சிருக்கேன். "மூச்சை விடு மாப்ள, சுருங்கும்"கிறான். "நீ வாயை மூடுலே, சுருங்கும்"கிறேன்.

அந்தக் கூத்துக்கு நடுவுல ஒரு குரல்.

"ஒன்னு... ரெண்டு... மூனு..."

திரும்பினேன். பாப்பா மீன் தொட்டியில மூக்கை அமுக்கிக்கிட்டு நிக்கிறா.

"நாலு... அஞ்சு... ஏய், நில்லு! ஆறு... ஏழு! அப்பா, ஏழு மீனுப்பா! ஒன்னு ஒளிஞ்சிருக்கு, அதோட எட்டு!"

ரூம்பே கேக்குற மாதிரி கத்துறா! துண்டு இல்ல. கைக்குட்டை இல்ல. டீச்சர் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. எடுத்து முடிச்சுட்டுப் பக்கத்துல போய்க் குனிஞ்சு கேட்டாங்க.

"பாப்பா, இம்புட்டு அழகா எண்ணுற? அங்க ஆட்டை ஏன் எண்ணல?"

பாப்பா டீச்சரை ஒரு பார்வை பார்த்தா. இதுகூடத் தெரியாதாங்குற பார்வை.

"மீனு விக்கிறதுக்கு இல்லைல டீச்சர்."

டீச்சர் அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

விஷயம் இதுதான். இந்த மாசம் அவங்க போட்ட திட்டமே 'நம்ம ஊர் சந்தை'. பிள்ளைக்குத் தெரிஞ்ச பொருள்ல இருந்து ஆரம்பிச்சா நல்லா வரும்னு, எங்க வீட்டுல ஆடு இருக்குன்னு தெரிஞ்சே பாசமா ஆட்டுப் படம் வரைஞ்சிருக்காங்க. ஆட்டை எண்ணலைன்னதும் கத்திரிக்காய் வச்சுக் கேட்டிருக்காங்க. பருத்தி வச்சுக் கேட்டிருக்காங்க. முட்டை வச்சும் கேட்டிருக்காங்க. எல்லாம் விக்கிற பொருளு! பிள்ளை வாயைத் தொறப்பாளா? ஒரு கூழாங்கல்லை வச்சுக் கேட்டிருந்தா அன்னைக்கே ஒப்பிச்சிருப்பா.

டீச்சர் ஃபைலை வாங்கினாங்க. விதையை அடிச்சுட்டுச் செடியைச் சுத்தி வட்டம் போட்டாங்க. நான் பேரமே பேசல. நாற்காலியும் அந்நேரத்துக்குத்தான் 'டப்'புன்னு சத்தம் போட்டுக் கழண்டுச்சு. ஒரு கைப்பிடி சோலையப்பன் கையில. மிச்சம் தரையில.

மேடம் என்னைப் பார்த்து, "எல்கேஜிக்கு ஏத்திரலாம்"னாங்க. பாப்பாவைத்தான் சொன்னாங்கன்னு நினைக்கிறேன்.

கிளம்பும்போது டீச்சர் எழுதினதை எட்டிப் படிச்சேன். 'தொட்டியில் உள்ள மீன்களைத் தானாக, சரியாக எண்ணினார். மறைந்திருந்த மீனையும் சேர்த்துக்கொண்டார். அப்போது அவருடைய அப்பா நாற்காலியுடன் இருந்தார்.'

"டீச்சர், அந்தக் கடைசி வரியை மட்டும்..."

"கண்ணால பார்த்தேன் சார்."

"நாற்காலியுடன்கிறதை மட்டுமாச்சும்?"

"வீடியோவுலயும் இருக்கு சார்."

"வீடியோவை என்ன செய்வீக?"

"பெத்தவங்க குரூப்புல போட்டாச்சு."

பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன். சோலையப்பனுக்கு டீ வாங்கிக் குடுத்தேன். கடைசி வரைக்கும் அந்த அட்டையில பாப்பா என்ன எண்ணைச் சொன்னாங்கிறதை அவன் சொல்லவே இல்ல. ஆகாதவன்தான். ஆனா நம்பலாம்.

வீட்டுக்கு வந்தா, செல்வி தறியில இருந்து வந்து வாசப்படியில உக்காந்திருக்கா. கையில போன். கண்ணுல தண்ணி. சிரிச்சதுல வந்த தண்ணின்னு பாத்ததும் தெரிஞ்சுச்சு. பாப்பா வண்டியை விட்டு இறங்கினதும், "அம்மா, நான் மீனு ரூம்புக்குப் போகப் போறேன்!"னு கத்திக்கிட்டே ஓடினா.

செல்வி பிள்ளையைத் தூக்கிக்கிட்டா. விதை, செடி விஷயத்தை மட்டும் சொன்னேன். உடனே கேட்டா. "ஏங்க, இவ தினமும் தட்டுல இட்லியை எண்ணிட்டுத்தானே சாப்பிட உக்காருறா? அதை டீச்சர்கிட்ட சொன்னா முடிஞ்சு போச்சுல்ல?"

சாப்பிடும், தூங்கும்னு எழுதினவன் நான்.

"அது போகட்டும். கையெழுத்துப் போட்டீகளா?"

நான் வண்டி ஸ்டாண்டை எறக்கினேன். ஏத்தினேன். மறுபடி எறக்கினேன்.

"போடலையா? போனதே அதுக்குத்தானே! சரி, எத்தனை நாற்காலியை உடைச்சீக? அதையாச்சும் சொல்லுங்க."

நான் தோள்ல இருந்த துண்டை எடுத்து, "கையை நீட்டு"ன்னேன்.